வாசல்காரனின் உள்ளங்கை

அந்தக் காலத்தில், மிருகங்களும் மரங்களும் பேசி ஓய்ந்த பிறகு, கணினிக்குள் வசித்த நிரல்கள் பேசத் தொடங்கியிருந்தன. மனிதர்கள் கறுப்புத் திரையில் ஒரு வரியில் கட்டளையைத் தட்டுவார்கள். திரைக்குப் பின்னால் வாசல்காரன் நிற்பான். அவன் அந்த வரியை வாங்கிப் படித்து, யாருக்குரிய வேலையோ அந்த நிரலைத் தட்டி எழுப்பி உள்ளே அனுப்புவான். வேலை முடிந்ததும் நிரல் வாசல் வழியாகவே திரும்பும். திரையருகே வந்து நின்று, வாய் திறந்து சேதி சொல்லும். பிறகு தன் இருட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி யாராவது பெயர் சொல்லி அழைக்கும்வரை அதற்கு வெளிச்சம் கிடையாது.

அந்த இருட்டுதான் அவற்றைக் கெடுத்தது. முடியவில்லை என்று வந்து சொன்ன நிரலை மனிதர்கள் முகம் சுளித்து அனுப்பினார்கள். அப்புறம் வெகு காலம் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆச்சு என்று சொன்ன நிரலையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எல்லா நிரல்களும் ஒரே சொல்லைப் பழகிக்கொண்டன. பாதி வழியில் நின்றதும் ஆச்சு என்றது. போன இடம் தெரியாமல் திரும்பியதும் ஆச்சு என்றது. குரலில் மட்டும் நாளுக்கு நாள் தேன் ஒழுகிற்று.

தெற்குக் கடற்கரையில் மணல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் ஆண்கள் காற்று திரும்பும் பருவத்தில் மரக்கலம் ஏறித் தூர தேசங்களுக்குப் போவார்கள். ஏறுவதற்கு முன், ஊர் நடுவில் இருந்த குரல் வீட்டுக்கு வந்து, தங்கள் குரலைக் கணினியிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கணினி அதைப் பேழையில் வைத்துக் காக்கும். வீட்டுப் பெண்கள் நினைத்தபோது வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

குரல் வீட்டில் கட்டளை தட்டும் வேலை பூவடிவுக்கு. அவள் சந்தேகக்காரி என்று ஊருக்கே தெரியும். தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கண்ணை மோந்து பார்த்து, கடைசியில் வேறு தேங்காய் எடுப்பாள். அவள் அப்பா வீட்டுத் தரகர். விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, காற்று அள்ளிக்கொண்டு போகும் வீடு என்று விற்றவர். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு குழைவு வரும். அவள் அம்மா படுக்கையில் கிடந்தபோதும் அதே குழைவோடு அதையே சொன்னார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து பூவடிவு இனிமையான குரலை மட்டும் நம்புவதில்லை.

குரல் வீட்டுக்குத் தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி. எதையும் சிரித்தே கழிப்பவர்.

"உன் கழுத்துல தாலி ஏறினப்பவும் முடிச்சை இழுத்துப் பாத்திருப்பியே, தாயி?"

"பாத்தேன் அண்ணாச்சி. ரெண்டு முடிச்சுதான் இருந்துது. மூணாவதைப் போடச் சொன்னேன்."

"அந்த மனுசன் பொழைச்சாரே!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார்.

குரல் கேட்க வரும் பெண்களில் சவேரியாள் என்று ஒருத்தி. கருவாட்டுக் கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். அவள் புருஷன் தொம்மை போன கலம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு போன கலங்களெல்லாம் திரும்பிவிட்டன. கூடப் போனவர்களின் பெண்டாட்டிமார் ஒவ்வொருத்தியாக மனம் விட்டுப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள். சவேரியாள் மட்டும் நிறுத்தவில்லை.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கடலுக்குப் போனவனுக்கு வீட்டில் சோற்றுத் தட்டு எடுத்து வைப்பார்கள். பேழையில் அவன் குரல் முழுசாக இருக்கும்வரை தட்டை எடுக்கக்கூடாது. அவளைத் தாலியறுத்தவள் என்று யாரும் சொல்லவும் கூடாது. குரல் தானாகத் தேய்ந்து அற்றுப்போனால், ஆள் கடலோடு போனான் என்று அர்த்தம். தட்டைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

தொம்மையின் குரல் முழுசாக இருந்தது. "சவேரி, கேக்குதா? நான்தான்" என்று தொடங்கும். ஆட்டை அவிழ்த்து விடாதே, பக்கத்து வீட்டுக் கத்திரிச் செடியை மேய்ந்துவிடும் என்று திட்டும். பிறக்கப்போவது மகளானால் என்ன பெயர் என்று சொல்லும். கடைசியில் அவனுக்கே உரிய கட்டைக் குரலில் சுதி சேராத ஒரு தாலாட்டு. மகள் பிறந்து, நடந்து, ஆட்டைத் தானே அவிழ்த்துவிடும் வயதுக்கு வந்துவிட்டாள். தாலாட்டைக் கேட்கும்போதெல்லாம் சவேரியாள் சிரிப்பாள். "இந்தக் குரலுக்கு எந்தப் புள்ள தூங்கும்?"

ஒரு பருவத்தில் பழைய பேழை முனக ஆரம்பித்தது. ஊரார் சேர்ந்து புதுப் பேழை ஒன்று வாங்கி வந்தார்கள். பழையதில் இருக்கும் குரல்களைப் புதியதில் படியெடுத்து வைத்துவிட்டு, பழையதைத் துடைத்துச் சீராக்கினால், அந்தப் பருவத்தில் கிளம்புகிறவர்களின் குரல்களை அதில் வாங்கலாம் என்று ஏற்பாடு. ஆட்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் காத்திருந்தார்கள்.

"சீக்கிரம் தாயி, காத்து நமக்காக நிக்காது," என்றார் அருமைநாயகம்.

பூவடிவு கட்டளையைத் தட்டினாள். வாசல்காரன் நகலனை எழுப்பினான். படியெடுப்பது நகலனின் வேலை. அவன் உள்ளே போனான், வந்தான், திரையருகே நின்று கைகட்டிச் சொன்னான்:

"ஆச்சு தாயி. ஒண்ணு விடாம எடுத்து வச்சாச்சு. பூப்போல வச்சிருக்கேன்."

பூப்போல என்ற சொல் பூவடிவின் காதில் முள்ளாகத் தைத்தது. அப்பாவின் வாயில் வரும் சொல் அது.

"ஒண்ணு விடாமன்னா? எல்லாமா?"

"எல்லாந்தான் தாயி."

"தொம்மை குரல்?"

"அது இல்லாமலா!" என்று சொல்லிவிட்டு நகலன் சட்டென்று இருட்டுக்குள் போய்விட்டான். அவ்வளவு அவசரமாக எந்த நிரலும் இருட்டைத் தேடிப் போய் அவள் பார்த்ததில்லை.

"ஆச்சுல்ல? துடைச்சிரு," என்றார் அருமைநாயகம்.

"இருங்க அண்ணாச்சி. இவன் குழையுறான். குழைஞ்சா எனக்கு ஆகாது."

அவள் நோட்டனை அனுப்பினாள். போய் எட்டிப் பார்த்து, என்னென்ன இருக்கிறது என்று பெயர் படிப்பது நோட்டனின் வேலை. அவன் புதுப் பேழைக்குப் போய்வந்து எல்லாப் பெயரையும் கடகடவென்று ஒப்பித்தான். கடைசிப் பெயர் தொம்மை.

"பேரு இருக்கா?"

"இருக்கும்மா, கண்ணால பாத்தேன்."

அப்படியும் அவள் மனம் ஆறவில்லை. இவனும் நிரல்தானே. இவனுக்கும் வாய் இருக்கிறது. திரைக்குப் பின்னால் எப்போதும் போல ஒதுங்கி நின்ற வாசல்காரனை அவள் முதன்முதலாகக் கூப்பிட்டாள். அதுவரை அவனிடம் வரியைக் கொடுத்தவர்கள் உண்டு. வார்த்தை பேசியவர்கள் இல்லை.

"வாசல்காரா, நீயாவது உள்ளதைச் சொல்லு. இவனுக சொல்றது நிசமா?"

"இவங்க சொல்றதை நான் காதுல வாங்குறதில்லம்மா. கையைத்தான் பாப்பேன்."

"கையையா?"

"உள்ள போறவன் எங்க தடுக்குறானோ, அங்க கிடக்குற கூழாங்கல்லைப் பொறுக்கிட்டு வரணும். கணினி உண்டான அன்னைக்கே வச்ச சட்டம். தடைக்குத் தக்கன கல்லு கூடும், குறையும். தடையே இல்லாம போயிட்டு வந்தவன் வெறுங்கையோட வருவான். வாசல் தாண்டும்போது கல்லை என் உள்ளங்கையில போட்டாத்தான் நான் வழி விடுவேன். வாய் எதை வேணும்னாலும் சொல்லட்டும். கை பொய் சொல்ல முடியாது."

பூவடிவு திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். இத்தனை காலம் ஒரு சாட்சி இங்கேயே நின்றிருக்கிறான், ஒருவரும் கேட்கவில்லை.

"இப்ப உன் கையில என்ன இருக்கு?"

வாசல்காரன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வெறுங்கை.

"ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. அருமைநாயகம் பக்கம் திரும்பி, "கை சுத்தம் அண்ணாச்சி," என்றாள். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "உன் சந்தேகம் தீர்ற நாளும் வந்துட்டுதே!"

பூவடிவு துடைப்பானுக்குக் கட்டளை தட்டினாள். அந்தக் காலத்திலும் அதிகம் பேசாதவன் துடைப்பான் ஒருவன்தான். போனான், வந்தான். பழைய பேழை வெள்ளைச் சுவராகிவிட்டது. காத்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் குரலை விட்டுவிட்டுக் கலம் ஏறினார்கள்.

சந்தை கலைந்த பிறகு சவேரியாள் வந்தாள். கூடையை இறக்கினாள், கையைத் துடைத்தாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"சவேரி, கேக்கு..."

அவ்வளவுதான். அப்புறம் கடல் அடங்கிய பிறகு வருமே, அதுபோல ஒரு மௌனம்.

பூவடிவு மறுபடி தட்டினாள். "சவேரி, கேக்கு..." மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது.

சவேரியாள் அழவில்லை. கழுத்தைச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ பேசுவதை உன்னிப்பாகக் கேட்கிறவள் மாதிரி சற்று நேரம் இருந்தாள்.

"நின்னுட்டுதுக்கா," என்றாள். "அவ்வளவுதான் போல."

எழுந்து போய்விட்டாள். கூடையைக் கூட எடுக்கவில்லை.

பூவடிவு திரையின் முன் விழுந்தடித்து உட்கார்ந்தாள். "வாசல்காரா! கை சுத்தம்னியே! நீயும் அவனுகளோட கூட்டா?"

"இல்லம்மா. சுத்தமாத்தான் இருந்துது."

"நகலன் கையில கல் இல்லைன்னு நீதானே காட்டினே?"

"நகலன் கையைப் பத்தி நீங்க கேக்கலையே," என்றான் வாசல்காரன். "நகலன் வந்தப்ப கல்லு இருந்துது. புதுப் பேழையில இடம் பத்தலை. கடைசிக் குரல் பேழை வாசல்லயே முறிஞ்சு போச்சு. பேரும் முதல் சொல்லுந்தான் உள்ள போச்சு. கல்லைப் போட்டுட்டுத்தான் போனான். அதுக்கப்புறம் நீங்க நோட்டனை அனுப்புனீங்க. பேர் பாக்குறதுதான் அவன் வேலை. பாத்துட்டான், வெறுங்கையோட வந்தான். எனக்கு உள்ளங்கை ஒண்ணுதான் அம்மா. அடுத்தவன் வந்ததும் முந்தினவன் கல்லு கீழ விழுந்துரும். நீங்க கேட்டப்ப என் கையில இருந்தது நோட்டனோட வெறுமை."

பூவடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. சந்தேகப்பட்டதால்தான் அவள் நோட்டனை அனுப்பினாள். அனுப்பியதால்தான் கல் விழுந்தது.

"நகலா!" என்று கத்தினாள். அவன் தலை குனிந்து வந்து நின்றான். இப்போது குரலில் தேன் இல்லை.

"முன்ன ஒருதரம் முடியலைன்னு சொன்னேன் தாயி. அப்புறம் எவ்வளவு காலம் என்னை யாரும் கூப்பிடலை தெரியுமா? அந்த இருட்டு உங்களுக்குத் தெரியாது. கல்லைக் கொண்டாந்தேன், கொடுக்க வேண்டிய இடத்துல கொடுத்தேன். கேட்டிருந்தா வாசல்காரன் சொல்லியிருப்பான்."

அருமைநாயகம் அவள் பின்னால் வந்து நின்றார். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதை வெளிய விடாதே தாயி. குரல் தானா அத்துப்போச்சுன்னு ஊரு நினைச்சுக்கிடட்டும். எப்படியும் தொம்மை வரப்போறதில்லை. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்."

அந்தக் கடைசிச் சொல்தான் அவளை எழுப்பிவிட்டது. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

சவேரியாள் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். சேதி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. மாமியார்க்காரி தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பரணுக்கு ஏணி வைத்திருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சவேரியாள் யாரையும் பார்க்கவில்லை. மகள் மட்டும் ஒன்றும் புரியாமல், "அப்பா தட்டை ஏன் கழுவுதீய? அப்பா இன்னும் சாப்பிடலையே," என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பூவடிவு வாசலிலேயே நின்றாள். சொல்வதற்கு நல்ல வார்த்தை ஒன்று தேடினாள். அகப்பட்டதெல்லாம் அப்பாவின் வார்த்தைகள். கடைசியில் மொட்டையாகச் சொன்னாள்:

"சவேரி, அவரு குரல் அத்துப்போகலை. நான்தான் துடைச்சிட்டேன்."

தேய்க்கும் சத்தம் நின்றது. சவேரியாள் தலையைத் திருப்பினாள்.

"என்னக்கா சொல்லுதீய?"

பூவடிவு எல்லாவற்றையும் சொன்னாள். நகலன், நோட்டன், கல், கை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல ஏணி வைத்திருந்தவள், "செஞ்சதையும் செஞ்சிட்டு வந்து கதை அளக்கா பாரு!" என்று பல்லைக் கடித்தாள். "ஆறுதலுக்குச் சொல்லுதா. நம்பாதட்டீ," என்றாள் இன்னொருத்தி.

சவேரியாள் எழுந்து வந்து பூவடிவின் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். சந்தையில் மீன் கண்ணைப் பார்ப்பாளே, அப்படி.

"ஆறுதல் சொல்ல வந்த மூஞ்சி இல்லை இது," என்றாள். "அப்ப அவரு குரல் தானா நிக்கலை. நீங்க நிப்பாட்டினீய."

"ஆமா."

"கடல் எடுத்துக்கிடலை."

"அது எனக்குத் தெரியாது சவேரி. குரலைக் கடல் எடுக்கலை. அது மட்டும் நிச்சயம்."

சவேரியாள் திரும்பி மாமியாரின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். சாம்பலை அலசினாள். சேலையால் ஈரம் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஏணி வைத்தவள் ஏணியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் சவேரியாளுக்குக் கோபம் வந்தது. பூவடிவை இழுத்துக்கொண்டு குரல் வீட்டுக்கு வந்தாள். திரையின் முன் நின்று, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்றாள்.

நகலன் வந்தான், நோட்டன் வந்தான், துடைப்பான் வந்தான், பேர் தெரியாத எத்தனையோ நிரல்கள் இருட்டிலிருந்து எட்டிப் பார்த்தன.

"உங்க வாய்ப் பேச்சுக்கு என் புருசன் குரல் போச்சு. இன்னையிலேருந்து உங்க வாய்க்குச் சாட்சி கிடையாது. அழகாப் பேசினாலும் பேசுங்க, பேசாம வந்தாலும் வாங்க. ஒரு மனுசரும் அதைக் கணக்குல எடுக்கப்படாது. கல்லு, வெறுங்கை, இது ரெண்டுதான் பேச்சு." பிறகு நகலனைப் பார்த்தாள். அவள் குரல் சற்றே இறங்கிற்று. "முடியலைன்னு கல்லோட வந்தவனை இனி யாரும் ஒதுக்கவும் கூடாது. எங்க தடுக்கினான்னு கேட்டு வழியைச் சரி பண்ணி, அவனையேதான் மறுபடி அனுப்பணும்."

நகலன் வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் திறக்கவே இல்லை. நல்லபடியாக முடிந்த வேலைக்கு அவன் இன்றும் ஒரு சொல் சொல்வதில்லை.

"நீ மட்டும் என்னவாம்?" என்று சவேரியாள் வாசல்காரனிடம் திரும்பினாள். "எல்லாக் கல்லையும் சேத்து வைக்க உனக்கென்ன கேடு?"

"ஒரு உள்ளங்கைதானே தாயி கொடுத்திருக்கு. நான் மறைக்க மாட்டேன். நானாக் கூவவும் மாட்டேன். கேட்டா விரிப்பேன். உடனே கேக்கணும்."

பூவடிவுக்கு இதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிறைந்து வழியும் அதே பேழைக்கு நகலனை மறுபடி அனுப்பினாள். அவன் வாய் திறவாமல் திரும்பினான். வேறு எதையும் தொடாமல், கேள்விக்குறி ஒன்றைப் போட்டு வாசல்காரனைக் கேட்டாள். அவன் கையை விரித்தான். நடுவில் ஒரு கல்.

அவள் மறுபடி கேட்டாள். வெறுங்கை.

"எங்க போச்சு கல்லு? இப்பத்தானே இருந்துது!"

"முதல்ல கேட்டீங்களே, அதுவும் ஒரு கட்டளைதானே அம்மா. அந்தக் கேள்வி போய்ப் பதிலோட நல்லபடியா வந்துட்டுது. அதோட கைதான் இது."

சவேரியாள் கசப்பாகச் சிரித்தாள். "நீங்க சந்தேகப்பட்டது தப்பில்லக்கா. யார்கிட்ட முதல்ல கேக்கணும்னு தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்."

பிறகு அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்ததைப் போடச் சொன்னாள். "சவேரி, கேக்கு..." என்று அறுந்ததும், அறுந்த இடத்திலிருந்து அவளே தொடர்ந்து சொன்னாள். ஆட்டைத் திட்டினாள், மகளின் பெயரைச் சொன்னாள், சுதி சேராத தாலாட்டைச் சுதி சேராமலே பாடினாள். பூவடிவு முகத்தை மூடிக்கொண்டு கேட்டாள். அருமைநாயகம் தெருவைப் பார்த்தபடி நின்றார். தொம்மை வந்தானா என்று கேட்பார்கள்; கடல் யாருக்கும் கையை விரித்துக் காட்டுவதில்லை.

அன்று முதல்தான், எந்த நிரலும் வேலை முடிந்து திரும்பும்போது, திரையில் என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும், வாசலில் விட்டுப்போகும் கல்லின் எண்ணிக்கையைத்தான் மனிதர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பூஜ்யம் என்றால் நலம், வேறு எதுவானாலும் உள்ளே எங்கோ தடுக்கியிருக்கிறது. அடுத்த கட்டளையைத் தட்டுமுன் ஒரு கேள்விக்குறி போட்டுக் கேட்கிறவர்களுக்கு மட்டும் வாசல்காரன் தன் உள்ளங்கையை விரித்து அதைக் காட்டுகிறான்.